வாலை நறுக்கிய கதை

1992 ஆகஸ்டில் எனக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. எனக்கு என்றால், நான் அப்போது புரோகிராமராக இருந்த மாதப் பத்திரிகையின் சந்தாப் பிரிவுக்கு. எழுதியவர் விருதுநகர்ப் பக்கத்து வாசகர். "ஐயா, என் பெயர் ராஜன். ஜூலை இதழ் ராஜா என்ற பெயருக்கு வந்தது. ஆகஸ்ட் இதழ் ராஜ் என்ற பெயருக்கு வந்திருக்கிறது. செப்டம்பர் இதழை ரா என்று அனுப்பினாலும் போஸ்ட்மேன் கொடுத்துவிடுவார், அவர் எனக்குத் தெரிந்தவர்தான். அக்டோபரில் என்ன செய்வதாக உத்தேசம்?"

சந்தாப் பிரிவு மேனேஜர் அந்தக் கார்டை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும்தான்.

நடந்தது இதுதான். சந்தாதாரர் பட்டியல் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தது. பெயர்கள் ஆங்கில எழுத்தில். டேட்டா என்ட்ரி செய்த பெண்கள், படிவத்தில் இருந்தபடியே பெயருக்குப் பின்னால் ஒரு கமாவையும் சேர்த்து அடித்திருந்தார்கள். லேபிளில் அது அசிங்கமாகத் தெரிகிறது, எடுத்துவிடு என்றார்கள். நான் ஒரே வரி எழுதினேன்: பெயரின் நீளத்தை அள, அதில் ஒன்றைக் கழி, இடப்பக்கத்திலிருந்து அத்தனை எழுத்தை மட்டும் எடுத்து அதே இடத்தில் வை. கமா போயிற்று. டீ குடிக்கப் போனேன்.

எல்லாப் பெயரிலும் கமா இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் கமா போடாமல் அடித்திருந்தாள். விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சந்தாக்கள் அவளுடைய கட்டு. அதில் கமாவுக்குப் பதிலாகப் பெயரின் கடைசி எழுத்து போனது. முருகன் முருகாவானார். கண்ணன் கண்ணாவானார். செல்வம் செல்வாவானார். நம் பெயர்களுக்கு வாலை நறுக்கினாலும் அவை பெயராகவே நிற்கும். லேபிளைச் சரிபார்த்தவருக்கு எதுவும் உறுத்தவில்லை. ஒரு வட்டாரத்தையே எட்டாம் வேற்றுமையில் கூப்பிட்டிருந்தேன்.

அடுத்த மாதம் அதே புரோகிராம் அதே ஃபைல்மேல் மறுபடி ஓடியது. இப்போது யாருக்குமே கமா இல்லை. ஆகவே தமிழ்நாடு முழுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்து போனது. விருதுநகர்க்காரர்களுக்கு இரண்டாவது எழுத்து.

அன்றிலிருந்து இந்தக் கடைசி எழுத்து விவகாரத்தை நான் விட்டதில்லை. கம்ப்யூட்டர் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். எந்த மொழியில் வேலை பார்த்தாலும், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும், புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "மேடம், ஸ்ட்ரிங்கோட கடைசி கேரக்டரை எப்படி எடுக்கறது?" ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் தொடர். பதில் ஒரு வரிதான். அந்த வரிக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

வண்டி திரும்பும் நேரம்

கதையின் தொடக்கம் என் வீட்டிலேயே இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

அப்பா மதுரைத் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். அவர் அடித்த இயந்திரம் சென்னை கிண்டியில் செய்தது. 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனியோடு சேர்ந்து அதைத் தயாரித்தது. கோடை விடுமுறையில் ஒருநாள் என்னையும் அழைத்துப் போனார். அந்த அறையின் சத்தம் தீப்பெட்டி ஆபீஸ் சத்தம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் இரண்டு சாவிகளைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேரேஜ் ரிட்டர்ன்: அச்சடிக்கும் வண்டி இடது ஓரத்துக்குத் திரும்பும். மற்றது லைன் ஃபீட்: தாள் ஒரு வரி மேலே ஏறும்.

"ஒரே சாவில ரெண்டையும் செய்யக் கூடாதாப்பா?"

"வண்டி திரும்பி வர நேரம் வேண்டாமா பாப்பா? அது வந்து சேர்றதுக்குள்ள அடுத்த எழுத்தை அனுப்பினா, நடு வரியில போய் விழுந்திடும்."

அந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எழுத்து அடிக்கும். வண்டி வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு ஓட ஒரு எழுத்தின் நேரம் போதாது. அதனால் ரிட்டர்னை முதலில் அனுப்பி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளை ஏற்றுவார்கள். சில தடங்களில் ரிட்டர்னை இரண்டு முறை தட்டுவதும் உண்டு.

இந்த இரண்டு குறிகளையும் தந்திக் குறியீட்டில் சேர்த்தவர் நியூசிலாந்துக்காரரான டொனால்ட் மரே. பிரான்ஸின் எமீல் போதோ 1874-இல் உருவாக்கிய ஐந்து அலகுக் குறியீட்டை மரே 1901-இல் மாற்றி அமைத்தார். எழுத்தாக அச்சில் விழாமல், இயந்திரத்துக்கு மட்டும் ஏவல் சொல்லும் குறிகள் அவை. 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி குறியீடு வந்தபோது ரிட்டர்னுக்கு 13, லைன் ஃபீடுக்கு 10 என்று எண் கொடுத்தார்கள். அந்த வருடமே டெலிடைப் கம்பெனியின் 33-ஆம் மாடல் வந்தது. நொடிக்குப் பத்து எழுத்து. விலை மலிவு என்பதால் கம்ப்யூட்டர்களுக்கு அதையே விசைப்பலகையாகவும் அச்சாகவும் மாட்டினார்கள். இப்படித்தான் தந்தி ஆபீஸ் பழக்கம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது.

பிறகு திரை வந்தது. திரையில் வண்டியும் இல்லை, தாளும் இல்லை. குறிகள் மட்டும் தங்கிவிட்டன. வரி முடிவுக்கு ஒரு குறி போதும் என்று மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் முடிவு செய்து லைன் ஃபீடை மட்டும் வைத்துக்கொண்டது. 1969-இல் பிறந்த யூனிக்ஸும் அதே வழி. சிபிஎம் என்ற பழைய இயங்குதளம் இரண்டையும் வைத்தது. அதைப் பின்பற்றி 1981-இல் வந்த எம்எஸ்-டாஸும், பின்னால் விண்டோஸும் இரண்டையும் வைத்தன. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் ரிட்டர்னை மட்டும் எடுத்துக்கொண்டது. 2001-இல் யூனிக்ஸ் வழிக்கு மாறியது. யூனிக்ஸில் எழுதிய ஃபைலை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா வரியும் ஒரே வரியாகத் தெரியும். அந்தக் கோளாறு 2018-இல்தான் சரியானது.

இதில் நான் 1997-இல் சூடு பட்டேன். சென்னையில் ஒரு கம்பெனி. விண்டோஸிலிருந்து வந்த ஊர்ப் பட்டியலை யூனிக்ஸில் படித்து, ஒவ்வொரு ஊருக்குப் பின்னும் கமா போட்டு அச்சிட வேண்டும். வரியின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டேன். அப்படியும் திரையில் மதுரையின் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் கமா நின்றது. திருச்சியின் முதல் எழுத்தும் போய் அங்கேயும் கமா. கடைசியில் விழ வேண்டியது தொடக்கத்தில் விழுகிறது! ராத்திரி பதினொன்றரை வரை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் போன் செய்தபோது, அப்பாவிடம் புலம்பலாகச் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "வண்டி திரும்பியிருக்கு, தாள் ஏறலை," என்றார்.

அவ்வளவுதான் விஷயம். வரி முடிவில் 13, 10 என்று இரண்டு குறிகள். நான் கடைசியில் இருந்த 10-ஐ எடுத்தேன். 13 கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பெயர் அச்சானதும் அது வண்டியை இடது ஓரத்துக்குத் திருப்பியது. அடுத்து வந்த கமா முதல் எழுத்தின்மேல் விழுந்தது. மதுரைத் தந்தி ஆபீஸில் அவர் தினமும் பார்த்த கோளாறு, முப்பது வருடம் கழித்து என் திரையில் வந்து நின்றது.

முப்பது கட்டம்

வால் முளைக்க இன்னொரு காரணம் அட்டை. ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசை. ஒரு நெடுவரிசைக்கு ஒரு எழுத்து. பெயருக்கு முப்பது கட்டம் என்று ஒதுக்கினால் வேலுவுக்கும் முப்பது, வேங்கடசுப்பிரமணியனுக்கும் முப்பது. துளை விழாத கட்டம் இடைவெளி. அட்டையில் அது வெறும் அட்டைதான். ஆனால் இயந்திரம் அதைப் படித்து நாடாவுக்கும் வட்டுக்கும் மாற்றும்போது ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் ஒரு எழுத்தாகிவிடும். வேலுவுக்குப் பின்னால் இருபத்தாறு இடைவெளிகள் வரிசையாக நடக்கும்.

நான் மதுரையில் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தது 1986-இல். அட்டை அப்போது ஒழிந்துவிட்டது; அட்டையின் உடம்பு மட்டும் கோடிங் ஷீட்டாக மிச்சம் இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட நீளத்தாள். முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு, ஏழாவது கட்டம் குறிப்புக்கு, எட்டிலிருந்து எழுத வேண்டும், எழுபத்திரண்டில் நிறுத்த வேண்டும். மிச்ச எட்டுக் கட்டம் புரோகிராமின் பெயருக்கு. வரிசை எண் எதற்கு என்று கேட்டேன். அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்குவதற்காம். அட்டையே இல்லாத வகுப்பில் அட்டை விழுந்தால் என்ன செய்வது என்று படித்தோம்.

1960-இல் முதல் வரையறை வெளியான கோபாலில் எதற்கும் அளவு குறித்தாக வேண்டும். சம்பளப் பட்டியல் அடிக்கும் ஒரு டேட்டா சென்டரில் என் முதல் வேலை. ஊழியர் முகவரியில் தெரு, ஊர், பின்கோடு எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். அவற்றைச் சேர்த்து அச்சிட்டால் 'மதுரை' என்று வந்து, வெகுதூரம் காலியாகப் போய், அப்புறம் ஒரு கமா தனியாக நிற்கும். வாலில் உள்ள இடைவெளியை வெட்ட கோபாலில் அன்று தனி ஏவல் கிடையாது. பெயரை முப்பது ஒற்றை எழுத்துகளாகப் பிரித்துப் பார்க்கும்படி வரையறுத்து, முப்பதாவது கட்டத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். இடைவெளி அல்லாத முதல் எழுத்து எங்கே வருகிறதோ அங்கே நில். அதுதான் உண்மையான நீளம். ஸ்ட்ரிங்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, முன்னால் வரும் இடைவெளிகளை எண்ணுவது பின்னால் வந்த தந்திரம். வாலை வெட்டும் ஏவல் கோபாலின் அதிகாரபூர்வத் தரத்தில் இடம்பெற்றது 2014-இல். மொழி பிறந்து ஐம்பது வருடத்துக்குமேல்.

பின்னோக்கி நடக்கும் அந்தச் சுற்றில் ஒரு பள்ளம் உண்டு. தெருப் பெயரே இல்லாத ஊழியர் ஒருவர் வந்தால் முப்பது, இருபத்தொன்பது என்று இறங்கி, ஒன்றையும் தாண்டிப் பூஜ்யத்துக்குப் போய்விடும். பூஜ்யமாவது கட்டம் என்று ஒன்று கிடையாது. கிராமத்து முகவரிகளில் தெருவே இருக்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். புரோகிராம் எழுதும்போது மறந்துவிட்டது. சம்பளத்துக்கு முந்தின நாள் ராத்திரி இயந்திரம் நின்றபோதுதான் நினைவு வந்தது.

முழமும் முடிச்சும்

நம் பாடப்புத்தகங்களில் ஸ்ட்ரிங்குக்குச் 'சரம்' என்று பெயர். மதுரைக்காரியான எனக்கு அது மல்லிகைச் சரமாகத்தான் கேட்கும். பூக்காரம்மா சரத்தை முழம் போட்டு அளந்து தருவார். கடைசிப் பூவுக்குப் பின் ஒரு முடிச்சும் போடுவார். நீளம் மாறுகிற சரம் எங்கே முடிகிறது என்று சொல்ல உலகத்தில் இருப்பவை இந்த இரண்டு வழிகள்தான்: முன்கூட்டியே அளவைச் சொல்வது, இல்லையென்றால் முடிவில் ஒரு அடையாளம் வைப்பது.

தந்தி ஆபீஸ் இரண்டையும் செய்தது. தந்தியின் தலைப்பில் எத்தனை சொல் என்று எண் இருக்கும். பெறுகிறவர் எண்ணிப் பார்த்து, குறைந்தால் திரும்பக் கேட்பார். டெலிபிரிண்டர் செய்தி முடிந்தது என்பதற்கு 'என்' என்ற ஆங்கில எழுத்தை நான்கு முறை அடிக்கும் வழக்கமும் உண்டு.

கம்ப்யூட்டர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960-களில் உருவாக்கிய பிசிபிஎல் மொழி, சரத்தின் தலையில் நீளத்தை வைத்தது. அதிலிருந்து கென் தாம்ப்சன் 'பி' மொழியைச் செய்தார். அதிலிருந்து டென்னிஸ் ரிட்சி 'சி' மொழியைச் செய்தார். இந்த இருவரும் எண்ணிக்கையை விட்டுவிட்டு முடிச்சுக்கு மாறினார்கள். காரணத்தை 1993-இல் ரிட்சியே எழுதினார்: எட்டு ஒன்பது பிட்டில் நீளத்தை அடைத்தால் பெரிய சரம் வைக்க முடியாது, தவிர, எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வைப்பது வசதியாகப் பட்டது. சி மொழியில் அந்த முடிவுக்குறி பூஜ்யம்.

சி-யில் கடைசி எழுத்தை எடுப்பது அதனால் வெகு சுலபம். கடைசி எழுத்தின் இடத்தில் பூஜ்யத்தை எழுதிவிட்டால் போதும். முடிச்சை ஒரு பூ உள்ளே தள்ளிப் போடுவது மாதிரி. எதையும் நகர்த்த வேண்டாம். ஆனால் சரம் காலியாக இருந்தால்? நீளம் பூஜ்யம், ஒன்றைக் கழித்தால் சரத்துக்கு வெளியே, யாருடையதோ ஒரு இடத்தில் போய் எழுதும். கோபாலில் நான் விழுந்த அதே பள்ளம். கோபால் இயந்திரத்தை நிறுத்தியாவது காட்டியது. சி சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போகும்.

சி புரோகிராமர்கள் ஓயாமல் வால் வெட்டுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வரியைப் படிக்கச் சி-யில் இரண்டு ஏவல்கள். 'கெட்ஸ்' என்பது வரி முடிவுக் குறியைத் தானே எடுத்துவிட்டுத் தரும்; ஆனால் எவ்வளவு வரை படிக்கலாம் என்று அதற்கு அளவு சொல்ல முடியாது. 'எஃப்கெட்ஸ்' என்பதற்கு அளவு சொல்லலாம். ஆனால் வரி முடிவுக் குறியை அது அப்படியே விட்டுவைக்கும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட புழுவுக்கு ஒரு வாசலாக இருந்தது இந்தக் கெட்ஸ்தான். 512 பைட் கொள்ளும் இடத்துக்கு 536 பைட் அனுப்பினார். அளவு பார்க்காத கெட்ஸ் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. 2011-இல் வந்த சி தரம் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. மிஞ்சியது எஃப்கெட்ஸ். ஆகவே வாலும் மிஞ்சியது.

எஃப்கெட்ஸ் அந்தக் குறியை விட்டுவைப்பதைச் சோம்பேறித்தனம் என்று நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். பிறகு புரிந்தது. வாலில் வரி முடிவுக் குறி இருந்தால், வரி முழுதாக வந்துவிட்டது என்று பொருள். இல்லையென்றால், கொடுத்த இடம் போதாமல் பாதியில் நிற்கிறது, அல்லது ஃபைலின் கடைசி வரி குறியே இல்லாமல் முடிந்திருக்கிறது. அப்பாவின் நான்கு 'என்' மாதிரி அதுவும் ஒரு சாட்சி. பார்க்காமல் வெட்டுகிறவர் சாட்சியை விசாரிக்காமல் அனுப்பிவிடுகிறார். சாட்சியே வராத வரியாக இருந்தால் நல்ல எழுத்து ஒன்று போகும்.

இந்தப் பாடத்தை ஒரு மொழியே கற்றுக்கொண்ட கதையும் இருக்கிறது. லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட பெர்ல் மொழியில் 'சாப்' என்று ஒரு ஏவல். கடைசியில் எது இருந்தாலும் வெட்டும். வரியின் முடிவுக் குறியை எடுக்க எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். முடிவுக் குறி இல்லாத வரியில் எல்லோருக்கும் ஒரு எழுத்து போனது. பின்னால் 'சாம்ப்' வந்தது. அது முதலில் பார்க்கும். வரி முடிவுக் குறி இருந்தால் மட்டும் எடுக்கும். இல்லையென்றால் கை வைக்காது. எத்தனை முறை ஓட்டினாலும் இரண்டாவது வெட்டு விழாது. சாம்ப் என்னிடம் இருந்திருந்தால் ராஜன் ராஜனாகவே இருந்திருப்பார்.

பைத்தான் மொழியில் இதே கதை இன்னும் தாமதமாக நடந்தது. வாலை உரிக்கும் அதன் பழைய ஏவலுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல்லை எடுக்காது. அந்தச் சொல்லில் உள்ள எழுத்துகள் எவையெல்லாம் வாலில் இருக்கின்றனவோ அத்தனையையும் தின்றுகொண்டே போகும். இந்த விகுதி இருந்தால் மட்டும் இதை நீக்கு என்ற தனி ஏவல் 2020-இல்தான் சேர்ந்தது.

புள்ளி போன ஊர்

2000-க்குப் பிறகு எனக்குத் தமிழ்த் தரவுகளில் வேலை. அப்போதுதான் 'கடைசி எழுத்து' என்ற சொல்லே காலை வாரிவிட்டது.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். இனிக் கடைசி எழுத்தை எடு என்றால் எதை எடுப்பது? பைட் கணக்கில் வெட்டும் மொழி கடைசிப் பைட்டை எடுக்கும். புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு போய், திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். யூனிகோடு கணக்கில் வெட்டும் மொழி புள்ளியை மட்டும் எடுக்கும். 'தமிழ' என்று நிற்கும். மனிதர் கணக்கில் வெட்டினால் 'தமி'. 2014-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்விஃப்ட் போன்ற சில மொழிகள்தான் நேரடியாக இப்படி எண்ணுகின்றன.

1991-இல் யூனிகோடு வந்தபோது தமிழுக்கான இடம் இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டி அமைந்தது. அகரமேறிய மெய் ஒரு குறி. அதன்மேல் கொக்கியோ காலோ புள்ளியோ தனிக்குறி. க என்பது ஒரு குறி, க் என்பது இரண்டு குறி. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று படித்த நமக்கு இது தலைகீழ்க் கணக்கு. யூனிகோடுக்கு மாறுவதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய திஸ்கி முறையில் க் என்பதற்கு ஒரே குறிதான்; கடைசிப் பைட்டை வெட்டினால் மெய்யெழுத்து முழுதாகப் போகும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டு. ஆனால் கைபேசியும் இணையமும் யூனிகோடில்தான் நடக்கின்றன.

ஒரு ஊர்ப் பட்டியலில் பழைய வால் வெட்டும் வரி ஒன்று தெரியாமல் ஓடிவிட்டது. திண்டுக்கல் 'திண்டுக்கல' ஆனது. நாகர்கோவில் 'நாகர்கோவில' ஆனது. ஈரோடு 'ஈரோட' ஆனது. கூட வேலை பார்த்த தம்பி பார்த்துவிட்டு, "மேடம், ஓலைச்சுவடி மாதிரி இருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. படிக்கிறவர் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்வார். அச்சு வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. நான் ஒரு வரி நிரலில் அதைத் திரும்பக் கொண்டுவந்திருந்தேன்.

அந்த வாரம்தான் வீட்டில் கிடந்த நன்னூலைப் புரட்டினேன். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வைக்கிறார். மரம் என்பதோடு வேர் சேர்ந்தால் மரவேர். ஈற்று மகரம் கெட்டது. மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை. மகரம் கெட்டு, அந்த இடத்தில் ஒரு க் தோன்றியது. நீலம் 'நீல்' என்று நிற்பதைக் கடைக்குறை என்கிறோம். வாலை நறுக்குவதற்கு நம்மிடம் பெயர், விதி எல்லாம் எழுநூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

விதியின் அமைப்பைப் பாருங்கள். கடைசி எழுத்து எதுவானாலும் எடு என்று நன்னூலார் எங்கும் சொல்லவில்லை. ஈறு மகரமா என்று பார்; அடுத்து வருவது என்ன எழுத்து என்று பார்; அதற்கேற்ப எடு, மாற்று, அல்லது விடு. லாரி வால் சாப்பிலிருந்து சாம்புக்கு வந்து சேர்ந்த இடமும், பைத்தான் 2020-இல் வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

இப்போது யாராவது கடைசி எழுத்தை எப்படி எடுப்பது என்று கேட்டால், அந்த ஒரு வரியை உடனே சொல்வதில்லை. கடைசியில் இருப்பதன் எண்ணை அச்சிட்டுப் பார் என்கிறேன். 10 என்றால் ஒரு பதில், 13 என்றால் வேறு, இடைவெளியின் எண்ணான 32 என்றால் வேறு, புள்ளி என்றால் வேறு. ஒன்றுமே இல்லாத சரம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறேன். அதே புரோகிராமை நாளைக்கு இன்னொரு முறை ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு எந்த ஏவலை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நின்றது. அன்று நான் வேலை பார்த்த விண்டோஸ் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13-உம் 10-உம் வழக்கம்போல் விழுந்துகொண்டுதான் இருந்தன.

1992-இல் பட்டியலைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. கம்ப்யூட்டரில் அசல் அழிந்துவிட்டதால், ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொரு பெயராக மறுபடி அடித்தோம். அந்தக் கமா போடாத பெண்தான் பாதிக்குமேல் அடித்தாள். ராஜன் அடுத்த ஆண்டும் சந்தாவைப் புதுப்பித்தார். படிவத்தில் பெயரை எழுதி, அதன் முடிவில் ஒரு புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.